மாமனாரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது, நான் விசுவாசியா?

பாலக்கோடு பக்கமிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். பிறந்த வீடு எலத்தகிரிப் பக்கம், தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போகிற குடும்பம். புகுந்த வீட்டில் வேறு சாமி. கணவருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கொரு ஷிப்ட். இரண்டு வருடத்துக்கு முன் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மாமியார் இல்லை. குளிப்பாட்டுவது, களி கரைத்து ஊட்டுவது, மலம் அள்ளுவது எல்லாம் இவர்தான். அவரோ தட்டைத் தள்ளிவிடுகிறார், இவருடைய அப்பா பெயரைச் சொல்லித் திட்டுகிறார், "உன் சாமி எங்க போச்சு?" என்கிறார். ஜெபக்கூட்டத்தில் சொன்னால், "சகிச்சுக்கோ, உன் அன்பைப் பார்த்து அவர் மனந்திரும்புவார்" என்று அனுப்பிவிடுகிறார்களாம். கேள்வி இது: "கையால எல்லாம் செய்யறேன். மனசுக்குள்ள 'போய்ச் சேந்தா தேவலை'ன்னு வருது. அவர் பேரைச் சொல்லி ஜெபிக்க நாக்கு எழல. ஆனா வாராவாரம் பூசையில நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கறேன். நான் விசுவாசியா, நடிக்கிறேனா?"

நான் பாதிரியார் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். ஐயர் (எங்கள் புராட்டஸ்டன்ட் சபைப் போதகர்) வர முடியாத சின்னச் சபைகளில் ஞாயிற்றுக்கிழமை வேதம் வாசித்து நாலு வார்த்தை பேசுகிற வேலையை முப்பது வருடமாகச் செய்கிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நீங்கள் நடிக்கவில்லை. களி கரைக்கிற அந்தக் கைக்குத்தான் வேதம் அன்பு என்று பேர் வைத்திருக்கிறது. உங்களைக் குழப்புவது தமிழில் நாம் தினமும் புழங்குகிற இன்னொரு சொல்.

"எனக்குப் பிடிக்கும்" என்கிறோம். "எனக்குப் பசிக்கிறது" என்பதைப் போலவே அதுவும். நான் எழுவாயாக நின்று செய்கிற காரியம் கிடையாது, எனக்கு நேர்கிற ஒன்று. வகுப்பில் பிள்ளைகளிடம் இதற்கு ஏவல் வினை சொல்லச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். "படி", "எழுது", "கொடு" என்று ஏவலாம். "அவரை உனக்குப் பிடி" என்று எவனும் எவளையும் ஏவ முடியாது, மொழியே இடம் தராது. இப்போது பகைவரை என்ன செய்வது என்று இயேசு சொல்கிற மத்தேயு 5:44-ஐ எடுத்துப் பாருங்கள். பழைய மொழிபெயர்ப்பில் சிநேகியுங்கள், ஆசீர்வதியுங்கள், நன்மை செய்யுங்கள், ஜெபம்பண்ணுங்கள் என்று நான்கு ஏவல்கள். உங்கள் வீட்டில் 1995-ல் வந்த திருவிவிலியம் இருக்கும், அதில் அன்பு கூருங்கள், வேண்டுங்கள் என்று இரண்டுதான். யாரும் வெட்டிவிடவில்லை, மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வசனம் குட்டையாக இருக்கிறது, அவ்வளவுதான். மற்ற இரண்டும் லூக்கா 6-ல் 27, 28 வசனங்களில் பத்திரமாக இருக்கின்றன. இரண்டானாலும் நான்கானாலும் எல்லாம் வாயாலும் கையாலும் செய்கிற வேலைகள். பகைவனை உங்களுக்குப் பிடித்திருக்க வேண்டும் என்று இயேசு எங்கும் கேட்கவில்லை.

அதற்கடுத்த வசனம் எங்களைப் போன்ற வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு லேசில் புரியும். நீதிமான் நிலத்திலும் அநீதிக்காரன் நிலத்திலும் கடவுள் மழை பெய்யப்பண்ணுகிறார். ஐப்பசி மழை வரப்பு வரைக்கும் வந்து நின்று, பக்கத்துக் காட்டுக்காரன் யோக்கியனா என்று விசாரித்துவிட்டா இறங்குகிறது?

வரப்பு என்று சொன்னதும் என் கதை வந்துவிட்டது. அதையும் கேளுங்கள்.

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டம். பெரியப்பா மகனுக்கும் எனக்கும் ஒரே பங்குக் கிணறு, நாள் முறை வைத்து மோட்டார் ஓட்டுவோம். (1965-ல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது, 2004-ல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. மாவட்டமே இரண்டு முறை பாகம் பிரிந்து முடித்துவிட்டது, எங்கள் வீட்டுப் பாகம் மட்டும் முடியவில்லை.) அண்ணன் என் முறை நாளில் ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் பூட்டுப் போடுவார். வருடத்துக்கு அரை முழம் வரப்பு என் பக்கமாக நகரும். கேட்டால், "பூமியே சுத்துதுன்னு நீதான பாடம் நடத்துற?" என்பார். சிரிப்பு வருகிற பதில்தான், அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு கார்த்திகை மாதம், ராகிக் கதிர் முற்றுகிற சமயம். ராத்திரி நாய் விடாமல் குரைத்தது. டார்ச் எடுத்துக்கொண்டு போனேன். அண்ணனுடைய செவலைப் பசு முளைக்குச்சியோடு பிடுங்கிக்கொண்டு வந்து என் ராகிக்குள் நின்று மேய்கிறது. வெளிச்சம் அடித்தும் தலையைத் தூக்கவில்லை, அவ்வளவு ருசி. எனக்கு வரிசையாக மூன்று யோசனை தோன்றியது. ஒன்று, விடிந்ததும் பவுண்டில் (பிடிபட்ட மாடுகளை அடைக்கிற பட்டியில்) அடைத்து அண்ணனை அபராதம் கட்ட வைப்பது. இரண்டு, என் கொட்டகையில் கட்டிப்போட்டு ஒரு நாள் முழுக்கத் தேட விடுவது. மூன்று, போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பஞ்சாயத்தில் காட்டுவது. அன்று காலைதான் ஒரு கிராமச் சபையில் அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரம் பேசிவிட்டு, மதியம் அவர்கள் வீட்டில் கறிச்சோறும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தேன்.

கடைசியில் மாட்டைக் கொண்டுபோய் விட்டேன். அண்ணன் மேல் இருந்த பாசத்தால் என்று பொய் சொல்ல மாட்டேன். ஒன்று, பச்சைக் கதிர் அதிகம் தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பும், வாயில்லாத ஜீவன் சாகக்கூடாது. இன்னொன்று, ஒரு வசனம் தொண்டையில் முள்ளாய் நின்றது. நாங்கள் யாத்திராகமம் என்போம், நீங்கள் விடுதலைப் பயணம் என்பீர்கள், 23-ஆம் அதிகாரம் 4, 5. உன் சத்துருவின் மாடு வழி தப்பிப் போவதைக் கண்டால் திரும்ப அவனிடம் கொண்டுபோய் விடு. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடந்தால் விலகிப் போகாதே, அவனோடு சேர்ந்து தூக்கிவிடு. இதே சட்டம் உபாகமம் 22-லும் வருகிறது, ஆனால் அங்கே "சத்துரு" என்ற இடத்தில் "சகோதரன்" என்று இருக்கும். பண்டிதர்கள் இதை வைத்து நிறைய எழுதலாம். பங்காளி உள்ள ஊரில் இரண்டும் ஒரே ஆள்தான்.

அந்தச் சட்டம் முதலில் சமாதானமாகு, அப்புறம் மாட்டை விடு என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? சத்துரு சத்துருவாகவே இருக்கிறான். கயிறு மட்டும் உன் கையில் இருக்கிறது.

கதவைத் தட்டினேன். அண்ணன் வந்தார். "என் மாட்ட எதுக்குடா புடிச்ச?" என்றார். "ராகி தின்னிருக்குதுங்கண்ணா, இப்பத் தண்ணி காட்டிடாதீங்க" என்றேன். கயிற்றை வாங்கினார், கதவைச் சாத்தினார். நன்றி இல்லை, மறுநாள் பூட்டும் கழலவில்லை. வரப்புத் தகராறு, நான் நில அளவைக்குப் பணம் கட்டி, சர்வேயர் வந்து அளந்து கல் நட்ட பிறகுதான் அடங்கியது. மாட்டைத் திருப்பிக் கொடுத்தவனும் நான்தான், சர்வேயரைக் கூப்பிட்டவனும் நான்தான். ஒன்று மற்றதற்கு விரோதம் என்று நான் நினைக்கவில்லை. ஒரே ஒரு மாற்றம் மட்டும் உண்டு. அதுவரை அண்ணன் என்றதும் அந்தப் பூட்டு ஞாபகம் வரும். பிறகு, நடுராத்திரியில் வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, என்ன கெட்ட சேதியோ என்று பயந்த முகத்தோடு கதவைத் திறந்த ஒரு கிழவர் ஞாபகத்துக்கு வந்தார்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நிலைமை என்னுடையதைவிடக் கஷ்டம். நான் மாட்டை விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன், உங்களுக்கு அந்த வீடுதான் வீடு.

உங்களுக்குத் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். சிறுமலர் என்று ஊரெங்கும் பள்ளிக்கூடங்களுக்குப் பேர் வைத்திருக்கிறோமே, குழந்தை இயேசுவின் தெரேசா. பிரான்சில் லிசியே ஊர்க் கார்மேல் கன்னியர் மடத்தில் இருந்து, 1897-ல் 24 வயதில் காசநோயால் இறந்தவர். சரியாக நூறு வருடம் கழித்து 1997-ல் அவரைத் திருச்சபையின் மறைவல்லுநர், அதாவது திருச்சபைக்கே ஆசிரியர், என்று அறிவித்தார்கள். நம் தர்மபுரி மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்ததும் அந்த வருடம்தான். படத்தில் ரோஜாப்பூ வைத்துக்கொண்டு நிற்பதால் ஏதோ மென்மையான ஆள் என்று நினைத்துவிடுகிறோம். அவர் எழுதி வைத்ததைப் படித்தால் மாமியார் மருமகள் வீடு மாதிரியே இருக்கும். துணி துவைக்கும்போது எதிரே இருக்கும் சகோதரி அழுக்குத் தண்ணீரை இவர் முகத்தில் தெளிப்பார். தியான நேரத்தில் பின்னால் இருக்கும் ஒருவர் ஓயாமல் சின்னச் சத்தம் ஒன்று எழுப்பிக்கொண்டிருப்பார், திரும்பி ஒரு முறை முறைக்கலாமா என்று இவருக்கு வியர்த்துக் கொட்டும். இன்னொருவரை எதிலும் பிடிக்கவே பிடிக்காது. அவருக்குத்தான் தன்னால் ஆன உதவியெல்லாம் செய்தார், அவருக்காக ஜெபித்தார், பதிலுக்குச் சுள்ளென்று ஏதாவது வாயில் வந்தால் புன்னகைத்துப் பேச்சை மாற்றினார். அந்தச் சகோதரியோ, "என்னிடம் அப்படி என்ன பிடித்துப்போனது உங்களுக்கு?" என்றே கேட்டுவிட்டாராம்.

இதுவரை பிரசங்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. புன்னகைக்க முடியாத அளவுக்கு உள்ளே கொதித்தால் என்ன செய்வார்? ஓடிவிடுவார். போர்க்களத்திலிருந்து ஓடுகிற சிப்பாயைப் போல ஓடிவிடுவேன் என்று அவரே எழுதியிருக்கிறார். மறைவல்லுநரே ஓடியிருக்கிறார், நீங்கள் கொல்லைப்புறம் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்தால் ஒன்றும் குடி முழுகாது.

"போய்ச் சேர்ந்தால் தேவலை" என்ற நினைப்பைப் பற்றி. நோயாளியை வருடக்கணக்கில் பார்த்துக்கொள்கிற யாருக்கும், பெற்ற மகளுக்கும்கூட, ஏதோ ஒரு ராத்திரியில் அது வரும். பாதி அலுப்பு, பாதி தூக்கமின்மை. சங்கீதம் 109-ஐ வாசித்துப் பாருங்கள், அவன் நாட்கள் கொஞ்சமாகட்டும் என்று எதிராளியைப் பற்றிப் பச்சையாகவே கேட்கிறது. அதை வேதத்திலிருந்து யாரும் கிழித்துப் போடவில்லை. கடவுளிடம் சொல்லப்பட்ட கசப்பு என்பதால் அது ஜெபமாகிவிட்டது. நீங்களும் அதை ஜெபக்கூட்டத்தில் சொல்வதைவிடக் கடவுளிடமே சொல்லுங்கள்.

இனி, "சகிச்சுக்கோ" என்று அனுப்பிவிடுகிறவர்களைப் பற்றி. எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் கோபம் உண்டு. பிறனை உன்னைப்போல நேசி என்ற வசனம் லேவியராகமம் 19:18. அதற்கு நேர் முந்தைய வசனத்தை யாரும் பேச மாட்டார்கள்: உன் சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனைக் கடிந்துகொள். உள்ளே வைத்துப் புழுங்காமல் முகத்துக்கு நேரே சொல் என்பது நேசிப்பதன் முதல் பாதி. மறு கன்னத்தைக் காட்டச் சொன்னவரையே ஒரு சேவகன் அறைந்தபோது, அவர் பேசாமல் நிற்கவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் எது தப்பென்று சொல், இல்லையென்றால் ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18:23. திருப்பி அடிக்கவும் இல்லை.

ஆகவே மாமாவிடம் சொல்லுங்கள். கத்த வேண்டாம், அழவும் வேண்டாம். "மாமா, என்னைத் திட்டணும்னா என் பேரச் சொல்லித் திட்டுங்க, எங்கப்பாவ இழுக்காதீங்க. தட்டைத் தள்ளினா நான் கால் மணி நேரம் கழிச்சுத்தான் வேற தட்டு கொண்டுவருவேன்." சொன்னபடி கால் மணி நேரம் கழித்துக் கொண்டுபோங்கள், அரை மணி ஆக்காதீர்கள். முதல் வாரம் சத்தம் கூடும்.

அப்புறம் உங்கள் வீட்டுக்காரர். தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்ற கட்டளை மகனுக்குத்தான் முதலில். அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அவர் அப்பா அவர் அப்பாதான். லீவு நாளில் குளிப்பாட்டுவது அவர் வேலை என்று தீர்த்துச் சொல்லிவிடுங்கள். நாத்தனார் இருந்தால் மாதத்தில் இரண்டு நாள் வந்து இருக்கட்டும், நீங்கள் எலத்தகிரி போய்த் தூங்கி எழுந்து வாருங்கள்.

இன்னொன்று, இதை அன்பின் பரீட்சையாக மட்டும் பார்க்காதீர்கள், வைத்தியமாகவும் பாருங்கள். பக்கவாதம் கை காலோடு நிற்காமல், மூளையில் எந்த இடத்தைத் தொட்டதோ அதைப் பொறுத்துக் குணத்தையும் மாற்றும். சட்டென்று கோபம், காரணமில்லாத அழுகை, சொல்ல வந்த சொல் வராமல் அந்த ஆத்திரத்தில் தட்டைத் தள்ளுவது எல்லாம் நோயின் பகுதியாகவே வரலாம். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வும் சகஜம், அதற்கு மருந்து உண்டு. முன்பு இப்படி இல்லாதவர் என்றால் தர்மபுரி மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் காட்டிக் கேளுங்கள். நம் பக்கத்து ஜனங்கள் பெங்களூரு நிம்ஹான்ஸ் போவதும் புதிதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள். விழுந்த கையால் ஒரு டம்ளரைத் தானே பிடிக்க முடிந்துவிட்டால் மனுஷனுக்குப் பாதிக் கோபம் இறங்கும். அடுத்தவர் கையை எதிர்பார்த்துக் கிடப்பதே அவருக்குப் பெரிய தண்டனை, அதுவும் தான் வேண்டாம் என்று சொன்ன மருமகள் கையை.

உங்கள் கேள்வியில் அடி உதை இல்லை. ஆனாலும் இதை வாசிக்கிற வேறு யாருக்காவது வேண்டியிருக்கும். குடித்துவிட்டு அடிக்கிறவனிடம் கிடந்து சாவதை வேதம் அன்பு என்று எங்கும் சொல்லவில்லை. "கூடுமானால், உங்களாலானமட்டும்" சமாதானமாயிருங்கள் என்று பவுல் ரோமர் 12:18-ல் இரண்டு வார்த்தை முன்னால் வைத்திருக்கிறார். அவரே தன் உடன் ஊழியர் பர்னபாவோடு, மாற்கு என்ற உதவியாளரின் விஷயத்தில் கடுமையாகச் சண்டை போட்டுப் பிரிந்து போனவர். வருடங்கள் கழித்து, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, அவன் எனக்கு உதவியாயிருப்பான் என்று எழுதியதும் அவரே. தள்ளிப் போய் நின்றுகொண்டும் ஒருவருக்கு நல்லது நினைக்கலாம். அடி விழுந்தால் பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடுங்கள், 2005-ஆம் வருடத்துக் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, பாதுகாப்பு அலுவலரை மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பார்க்கலாம். போதகரிடம் அதற்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

கடைசியாக, "உன் அன்பைப் பார்த்து அவர் மனந்திரும்புவார்" என்கிற பேச்சு. மனந்திரும்பினால் சந்தோஷம்தான். ஆனால் அதற்காகக் களி கரைக்காதீர்கள். மீன் பிடிக்கிறவன் புழுவை மீனுக்குப் பசிக்கிறதே என்றா போடுகிறான்? மாமாவுக்கு அது உடனே தெரிந்துவிடும், கிராமத்து மனுஷருக்கு இந்த மோப்பம் ஜாஸ்தி. "உன் சாமி எங்க போச்சு?" என்று அவர் குத்துவதில் பாதி அந்தச் சந்தேகமாகக்கூட இருக்கலாம். பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள், நன்றி சொல்ல ஒருவன்தான் திரும்பி வந்தான், அவனும் யூதர்கள் ஒதுக்கிவைத்த சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார், மனசு நொந்திருக்கும். ஆனால் அவர்களுக்குக் குஷ்டம் திரும்பி வந்ததாக லூக்கா எழுதவில்லை. கடைசி இராவிருந்தில் அவர் கழுவிய சீடர்களின் கால்களில், அவரைக் காட்டிக்கொடுத்த யூதாசின் காலும் இருந்தது. பிடிக்காதவரைப் பராமரிப்பது எப்படிக் கிறிஸ்தவம் ஆகிறது என்று கேட்டால் நான் அந்தப் பாத்திரத்தையும் துண்டையும்தான் காட்டுவேன். நாமும் யோக்கியர்களான பிறகு நேசிக்கப்பட்டவர்கள் இல்லையே. வாராவாரம் நன்மை வாங்குகிறீர்கள், அதற்கு வரிசையில் நிற்கும் எல்லோரும் அப்படி வந்தவர்கள்தான். தொடர்ந்து வாங்குங்கள்.

அவர் பெயரைச் சொல்லி ஜெபிக்க நாக்கு எழவில்லை என்றீர்கள். பெரிய ஜெபம் எதுவும் வேண்டாம். "மாமாவை மாற்றும்" என்று ஆரம்பித்தால் அது அவரைப் பற்றிய புகாராகத்தான் முடியும், என் அனுபவம். மாத்திரை டப்பாவைக் கையில் எடுக்கும்போது, அந்த வேளைக்கு அவர் உடம்புக்கு என்ன தேவையோ அதைக் கேளுங்கள். ராத்திரி இருமல் இல்லாமல் தூங்கட்டும். முதுகில் புண் வராமல் இருக்கட்டும். படுத்த படுக்கையாக இருக்கிறவருக்கு மலச்சிக்கல் பெரிய உபத்திரவம், அதனால் ஆண்டவரே, காலையில் மாமாவுக்கு நல்லபடியாக வெளிக்குப் போகட்டும் என்று கேளுங்கள். துடைத்துவிடுகிறவர் நீங்கள் என்பதால் அதையாவது முழு மனசோடு கேட்க உங்களால் முடியும்.